சர்க்கரைச் செருப்பு

ஜானிஸ் தூரிகையை நாக்கில் நனைப்பதை நான் முதலில் பார்த்தது அவளுடைய கேக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான். பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சர்க்கரை இதழின் அடியில் தூரிகையைத் தடவி, காம்பில் ஒட்டி, மறுபடி நக்கினாள். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்வது எனக்குப் பழக்கம்.

இங்கிலாந்துக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் விட்பியில் கடல் பனி ஏறிவிட்டால், உருவம் செய்கிற சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் காயவே காயாது. கால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், மாவை இறுக்குகிற டைலோஸ் பொடி போட்டுப் பிசைய வேண்டும். பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து மறுநாள் எடுத்தால் இழுபடாது, பட்டென்று அறும். அப்போதுதான் உருவம் நிற்கும். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்துக் கொழகொழவென்று ஆகிவிடும். இதெல்லாம் ஜானிஸ் கற்றுக்கொடுத்ததுதான். ஒட்டுவதற்குத் தண்ணீர் கூடாது என்பதும் அவள் சொன்னதே.

"தண்ணி அதிகமாயிடும் கண்ணு, இறுகினதெல்லாம் இளகிடும். எச்சில்தான் கரெக்டான ஈரம். எங்கம்மாவும் இப்படித்தான் செஞ்சா. யாரு செத்தா?"

அந்த வாரம் பெத்தனி என்பவளுடைய ஐந்து மாதக் குழந்தைக்கு ஞானஸ்நான கேக். மேலே வைக்க ஒரு ஜோடி குட்டிச் செருப்பு. பிசைந்து, வெட்டி, ஸ்பாஞ்சுத் துண்டில் வளைத்து வைத்தவள் நான். வாரும் பொத்தானும் ஒட்டியவள் ஜானிஸ். அந்த வாரம் அவள் உதட்டோரத்தில் நீர்கோத்த கொப்புளம். பாதி உடைந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதன் மேல் களிம்பு, களிம்பின் மேல் சோளமாவு. தூரிகை அதை உரசிக்கொண்டு வாய்க்குள் போனது, வந்தது. ஆறு பொத்தான். ஆறு தடவை எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை பெத்தனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டான்லி என்று பெயர். எச்சில் வழிய, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் திணிக்கிற வயது.

"ஐயோ, என்னா அழகு! ஒண்ணு ஞாபகத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில வைக்கிறேன். இன்னொண்ணு இவன் சப்பட்டும், போட்டோ எடுக்கணும்."

குழந்தை கையை நீட்டியது. நான் துணியால் மேடையைத் துடைப்பது போல முழங்கையால் இரண்டையும் தட்டிவிட்டேன். தரையில் டக் டக் என்று விழுந்து உருண்டன. ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு நன்றாக இறுக வைத்திருந்தேன்.

"பாத்தியா என் சரக்கை!" என்று ஜானிஸ் பெருமையாக எடுத்து ஊதினாள். ஊதியதில் எச்சில் தெறித்தது.

"அதுல எச்சில் இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தூரிகையை நக்கி நக்கித்தான் ஒட்டினாங்க."

பெத்தனி சிரித்துவிட்டாள். "அட, இவன் நிப்பிள் கீழ விழுந்தா நானே நக்கிட்டுத்தான் வாயில வைக்கிறேன்!"

ஜானிஸும் சிரித்தாள். "இந்த மகாராணிக்கு எல்லாமே அசிங்கம். இங்க வர்றதுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்."

என் காது கொதித்தது. குழந்தையின் விரல் செருப்பைத் தொட்டுவிட்டது.

"அவங்க உதட்டைப் பாருங்க," என்றேன்.

பெத்தனி பார்த்தாள். ஜானிஸ் சிரித்ததில் பொருக்கு விரிந்து, சோளமாவுக்கு நடுவே ஈரமாக மினுங்கியது. பெத்தனி குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கோட்டில் அழுத்தித் துடைத்தாள்.

"உதட்டுப் புண்ணோட யாரையும் குழந்தைக்கு முத்தம் கொடுக்க விடாதேன்னு நர்ஸ் தலைதலையா அடிச்சுக்கிட்டா. கைக்குழந்தைக்குத் தொத்திக்கிட்டா ஆபத்தாம். என் மாமியாரையே வாசல்ல நிறுத்தினேன். நீங்க என்னடான்னா... சே!"

"சின்ன கொப்புளம் பெத்தனி. அது காஞ்சே போச்சு."

"அந்தச் சனியனை எடுங்க முதல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளன்னிக்குக் காலைல சர்ச். உன்னால வேற செய்ய முடியுமா?"

"செய்யலாம். ஆனா அதுக்குள்ள முழுசா காயாது. மெத்துனுதான் இருக்கும்."

"இருக்கட்டுமே. இவனுக்கு இன்னும் பல்லே வரலை."

"என் கடையில முடியாது," என்றாள் ஜானிஸ். என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நாளைக்கு நீ வரவும் வேண்டாம்."

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கேக்கை மொட்டையாகவே பெட்டியில் வைத்தேன். பெத்தனியோடு அவள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பாக்கெட் ஃபாண்டன்டும் சின்ன டப்பா டைலோஸும் அவளே வாங்கிக்கொடுத்தாள்.

அவள் வீட்டுச் சமையலறையில் மேஜை பெரிதாகத்தான் இருந்தது. அதன் நடுவில் ஒரு பூனை பின்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

"அதைத் தள்ளிவிட்டுட்டு ஆரம்பி," என்றாள் பெத்தனி.

முதலில் கொதிக்கிற தண்ணீரும் சோப்பும் கேட்டேன்.