பதினேழுக்கு நேரே எழுதிய பெயர்

ஆரணன் ஒன்பது கழகங்களுக்கு ஐஸ் ஹொக்கி ஆடியவன். ஒன்றிலும் நட்சத்திரம் இல்லை. டென்மார்க்கின் ஓல்போர்க்கில் இளையோர் அணியில் தொடங்கி, சுவீடன், நோர்வே, கூரை ஒழுகும் மண்டபமுள்ள ஒரு ஜெர்மன் ஊர், பிறகு மறுபடி டென்மார்க் என்று பத்தொன்பது வருடம் ஓடியது. எங்கே போனாலும் அவனுக்கு மூன்றாவது வரிசைதான். கோல் போடுகிறவர்கள் பெஞ்சில் இருந்து மூச்சு வாங்கும்போது இறங்கி, எதிரணியின் கெட்டிக்காரனைச் சுவரோடு நசுக்குவது, பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு பறந்து வரும் பாதையில் விழுந்து படுப்பது. முன்பற்கள் இரண்டும் பொய். இடது முழங்காலில் இரண்டு திருகாணிகள். ஓல்போர்க் தமிழர்களின் கொண்டாட்டங்களில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், அம்மா தங்கராணி, "அவர் ஸ்போர்ட்ஸ் பக்கம்" என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போய்விடுவாள்.

போன வசந்தத்தில், முப்பத்தேழு வயதில், ஆட்டத்தை நிறுத்தினான். மேற்கு யூலாந்தில் ஒரு சிறிய ஊரின் இரண்டாம் பிரிவு அணி அவனுடைய கடைசிக் கழகம். அங்கேயே அவனை ட்ரெய்னராக்கினார்கள். திறமையைப் பார்த்து அல்ல. பழைய ட்ரெய்னர் திடீரென்று விலகிவிட்டார், இவன் அதே ஊரில் குடியிருந்தான். ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு மட்டும்.

பெப்ரவரியில் கடைசி ஆட்டம் வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. வென்றால் பிரிவில் நிற்கலாம், தோற்றால் கீழே. ஐஸ் ஹொக்கியில் சமநிலை கிடையாது, யாராவது தோற்றே ஆகவேண்டும். கழகத் தலைவி லோனெ பல் வைத்தியர். வார்த்தையை மென்று பேசுகிறவள் அல்ல.

"கீழே போனால் உன்னை வைத்திருக்க எனக்குக் காரணம் இருக்காது," என்று சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். ஒன்றரை மணித்தியாலம் முன்பு ட்ரெய்னர் ஆட்டப் பட்டியலை எழுத வேண்டும். எண், எண்ணுக்கு நேரே பெயர். அதில் பெயர் இல்லாதவன் பனியில் கால் வைக்க முடியாது. ஆரணன் தாளில் எழுதிக் கொடுத்தான். இன்னாசித்தம்பி அதைப் பார்த்துக் கணினிப் பலகையில் தட்டினார். ஆரணன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டான்.

இன்னாசித்தம்பிக்கு அறுபத்துநான்கு வயது. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கத்தியோடு நின்றவர். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மண்டபத்துக்கு வந்து, ஸ்கேட் சப்பாத்துகளின் அலகு தீட்டத் தன்னை விடச் சொல்லிக் கேட்டார். சம்பளம் இல்லை. ஆட்களுக்குக் கோப்பி ஊற்றுவதும் பட்டியல் தட்டுவதும் பிறகு தானாக வந்து சேர்ந்த வேலைகள்.

மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. யெப்பெ டொஃப்ட் மூலையிலிருந்து பக்கைத் தோண்டி எடுத்து, எதிரணிக் கோல் காவலனின் தோளுக்கு மேலால் போட்டான். மூன்றுக்கு இரண்டு. யெப்பெ முப்பத்துநான்கு வயதுக்காரன், ஏழு கழகம் பார்த்தவன். இந்தப் பருவம் வந்து சேர்ந்தபோது, ஆரணன் கழற்றி வைத்த பதினேழாம் எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தான்.

கோல் போட்டவனின் எண்ணை, ஆட்டக் கணக்குப் பதியும் மேசைக்காரி கணினியில் அடித்தாள். 17. திரையில் வந்த பெயர் ஆரணன் பரமானந்தம். நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் திரையைப் பார்த்தார், யெப்பெயைப் பார்த்தார், பெஞ்சுக்குப் பின்னால் கோட்டும் சூட்டுமாக நின்ற ஆரணனைப் பார்த்தார். பட்டியலில் இல்லாதவன் போட்ட கோல் செல்லாது. யெப்பெ உடை மாற்றும் அறைக்குப் போக வேண்டும், திரும்பி வர முடியாது.

இடைவேளையில் அறைக்குள் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. லோனெ வாசலில் வந்து நின்றாள்.

இன்னாசித்தம்பி முதலில் வாய் திறந்தார். டேனிஷில், தொழிற்சாலையில் படித்த டேனிஷில் சொன்னார். "நான்தான் பிழையாகத் தட்டிவிட்டேன். கண் சரியில்லை."

"அப்போ கழுத்தில் கண்ணாடி எதற்கு, அலங்காரத்துக்கா?" என்றான் யெப்பெ. "நீ ஸ்கேட்டைத் தீட்டு. எழுத்துப் பக்கம் வராதே."

இரண்டு பேர் சிரித்தார்கள். லோனெ சரி என்பது போலத் தலையாட்டினாள். கிழவர் ஆரணன் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்.

"பேசாமல் இரும் தம்பி. உமக்கு வேலை போகும். நான் சம்பளம் இல்லாத ஆள், என்னை ஆர் நிப்பாட்டுறது?"

பொய் நன்றாகப் பொருந்தியிருந்தது. அதை உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஆரணன் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான். அரை நிமிடம் அப்படித்தான் இருந்தான். அந்த அரை நிமிடத்தில் யெப்பெ இன்னொரு முறை கிழவரைப் பார்த்து ஏதோ சொன்னான், இந்த முறை அறை முழுக்கச் சிரித்தது. இன்னாசித்தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஆரணன் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து யெப்பெயிடம் கொடுத்தான்.

"இது என் எழுத்து. அவர் நான் எழுதினதைத்தான் தட்டினார்."

யெப்பெ வாசித்தான். "என் இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறாய்."

"ஓம். பத்தொன்பது வருடம் பட்டியலில் பதினேழுக்கு நேரே என் பெயர்தான் இருந்தது. கை எழுதிவிட்டது. நான் திரும்ப வாசிக்கவும் இல்லை."

அணியின் கோல் காவலன் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளினான். "உன் ஆட்ட உரிமம் இன்னும் இருக்கிறதா?"

"யாராவது காயப்பட்டால் என்று நான்தான் பதிந்து வைத்தேன்," என்றாள் லோனெ.

"அப்போ நீ பட்டியலில் இருக்கிறாய். உடுத்திக்கொண்டு வா."

பகிடி போலத்தான் தொடங்கியது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. யெப்பெ சட்டையைத் தலைவழியாக இழுத்துக் கழற்றி எறிந்தான். அது நனைந்த நாய்போலக் கனமாக ஆரணனின் மடியில் விழுந்தது.

"உம்மடை பழைய ஸ்கேட் உள்ளைதான் கிடக்கு," என்றார் இன்னாசித்தம்பி. "போன கிழமை தீட்டி வைச்சனான்."

"ஏன் அண்ணை தீட்டினீங்கள்?"

"சும்மா. இண்டைக்குப் பட்டியலிலை உம்மடை பேரைப் பார்த்தவுடனை, சரி, ஆள் இறங்கப் போகுது எண்டு நினைச்சன். அதுதான் கேக்கேல்லை."

ஆரணனுக்கு இறங்க ஆசை இருந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பத்து மாதமாகச் சப்பாத்தோடு பெஞ்சுக்குப் பின்னால் நின்றதில் ஒருநாளும் அவனுக்குப் பனியில் இருபது நிமிட ஆட்டம் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை. ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு அவன் முழு வேகத்தில் ஓடியதில்லை. அவன் பனியில் இருந்தால் பெஞ்சில் வரிசை மாற்ற யாருமில்லை.

"நான் இறங்கினால் எனக்குச் சந்தோஷம்," என்றான். "உங்களுக்கு ஒரு நொண்டி கிடைப்பான், ட்ரெய்னர் இருக்கமாட்டான்." சட்டையைக் கொக்கியில் மாட்டினான். பிறகு யெப்பெ இல்லாத மூன்றாவது வரிசைக்கு யார் இடையிடையே இறங்குவது என்று வெண்பலகையில் எழுதத் தொடங்கினான்.

"ஆரணன்," என்றாள் லோனெ. "இது போனால்..."

"தெரியும்."

கடைசிப் பகுதியில் பதினேழு நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். பதினெட்டாவது நிமிடம் மூன்றாவது வரிசையில் ஒரு பையனுக்குக் கால் ஓடவில்லை, அவன் மறிக்காமல் விட்ட எதிரணி ஆள் கோல் போட்டான். ஓர் ஆள் குறைந்ததால் வந்த கோல் அது. எல்லாருக்கும் அது தெரிந்தது. அணி கீழே போனது.

செவ்வாய்க்கிழமை லோனெ அவனைத் தன் பல் வைத்தியசாலைக்கு வரச் சொன்னாள். நோயாளிகள் காத்திருக்கும் கதிரையில் இருக்கவைத்துப் பேசினாள்.

"ட்ரெய்னர் வேலைக்கு வேறு இரண்டு பேரைக் கேட்டேன். கீழ்ப் பிரிவு என்றதும் வரமாட்டோம் என்றார்கள்."

"அப்போ நான் மூன்றாவது."

"மூன்றாவது. பட்டியலை இனி நானும் பார்ப்பேன். உன் ஆட்ட உரிமத்தைப் புதுப்பிக்கமாட்டேன். சம்மதமா?"

சம்மதம் என்றான். அவள் பெயர்கள் எழுதிய ஒரு தாளை நீட்டினாள். கீழ்ப் பிரிவுக்கு இத்தனை பேர் தேவையில்லை, வயது கூடியவர்களை நிறுத்த வேண்டும். முதல் பெயர் யெப்பெ டொஃப்ட்.

"நான் குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறேன்," என்றாள்.

ஆரணனை நான்கு கழகங்கள் குறுஞ்செய்தியில்தான் வெளியே அனுப்பியிருந்தன. ஒருமுறை பால் வாங்க வரிசையில் நின்றபோது வந்தது.

"வேண்டாம். நான் போறேன்."

சைக்கிளில் பத்து நிமிடம். யெப்பெ கதவைத் திறந்து, வேலை நாள் மத்தியானத்தில் வாசலில் நிற்கும் ட்ரெய்னரைப் பார்த்தான். ஏழு கழகம் பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் ஆரணன் முழுவதையும் சொன்னான். அடுத்த பருவத்தில் இடமில்லை. முடிவு கழகத்தினுடையது, தானும் ஒப்புக்கொண்டது. சனிக்கிழமைப் பிழைக்கு மன்னிப்பும் கேட்டான்.

"செய்தி அனுப்பியிருக்கலாமே," என்றான் யெப்பெ.

"அனுப்பியிருக்கலாம்."

யெப்பெ உள்ளே வரச் சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை. இருவரும் வாசலிலேயே நின்று, நோர்வேயில் எந்தக் கழகத்துக்கு முப்பத்துநான்கு வயதில் ஓர் ஆள் தேவைப்படும் என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தார்கள்.