பொட்டு வைத்த தோட்டா

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைத் தோட்டாவோடு வைக்கக் கூடாது என்று சொன்னதுதான் மோகனப்பிரியா அந்த வீட்டில் செய்த முதல் குற்றம்.

மாமனார் செங்கோடனுக்குக் காரமடைக்குப் பக்கத்தில் மில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று சொல்லி ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கியவர். அவரைக் கொல்ல இந்த ஊரில் யாருக்கு நேரமிருக்கிறது? கல்யாண வீடுகளுக்கு அதை இடுப்பில் தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

மோகனப்பிரியா கல்லூரிக் காலத்தில் ரைஃபிள் கிளப்பில் சுட்டுப் பழகியவள். பூஜையன்று காலையில் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் சிலிண்டரைத் திறந்து, தோட்டாக்களைக் கொட்டி வெற்றிலையில் வைத்தாள். உள்ளே ஒன்றும் தங்கவில்லையே என்று இன்னொரு தரமும் பார்த்துக்கொண்டாள்.

"வந்து ஒரு வருசம் ஆகலே, எனக்கே துப்பாக்கி சொல்லித் தாரயா அம்மணி?" என்று செங்கோடன் சிரித்தார். மாமியார் வள்ளியாத்தாள் வந்து, சாமிக்கு வைத்ததை வெறுமனே விடுவானேன் என்று, தோட்டா ஒவ்வொன்றுக்கும் குழைத்த சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள்.

பூஜை முடிந்தது. காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினார்கள். மில்லில் மெஷினை ஒரு சுற்று ஓட்டினார்கள். செங்கோடனுக்குக் கை துறுதுறுத்தது. "பூசை போட்டத ஒருக்கா ஓட்டி வெக்கோணுமல்லொ!" என்று வீட்டு வாசலுக்கு வந்து, சந்தனத்தோடு தோட்டாக்களைத் திணித்தார்.

"மாமா, வேண்டாமுங்க. சந்தனம் அடைச்சுக்கும். ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க!" என்று அவள் கணவனைப் பார்த்துக் கத்தினாள்.

கிருபாசங்கர் அப்பாவை எதிர்த்து எந்தக் காலத்தில் பேசினான்? போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றான்.

வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார். காய்ந்த சந்தனம் பிடித்துக்கொண்டு சிலிண்டர் சுற்ற மறுத்தது. சனியன் என்று திட்டி, விசையில் வைத்த விரலை எடுக்காமலே துப்பாக்கியைக் கீழே இறக்கி உதறினார். பிடிப்பு விட்டது. வெடித்தது. கிருபாசங்கர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மோகனப்பிரியாதான் தன் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலேயே மகனின் போனை வாங்கி வீடியோவை அழித்தது யார் என்று கேட்க வேண்டுமா?

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், கால் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன கையோடு செங்கோடன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் இவ்வளவு பணிவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"கண்ணு, தொடைக்கறப்ப தவறி வெடிச்சுபோச்சுன்னு நீ சொல்லிப்போடு. உனக்குத்தான பழக்கம்? ஊரே நம்பும். பொம்பளைப் புள்ளைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். தெரியாதவன் சுடுவான், தெரிந்தவள் உள்ளே போகவேண்டும்! ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. குண்டு பட்டவன் உண்மையைச் சொல்லாமலா போவான்? கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"அப்பா பேரு போயிரும் மோகனா," என்றான் கிருபாசங்கர், கண்ணைத் திறக்காமல். "நீயே சொல்லிரு."

இன்ஸ்பெக்டர் வந்தார். "துடைக்கறப்ப வெடிச்சுதுன்னு உங்க மாமனார் சொல்றாரு. தோட்டாவ எடுத்துட்டுத்தானம்மா துடைக்கோணும்?"

"எடுத்தனுங்க," என்றாள். "எடுத்து வெத்தலைல வெச்சேன். அத்தை ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சாங்க. துப்பாக்கியத் தெறந்து மிச்சத் தோட்டாவப் பாருங்க, சந்தனம் ஒட்டியிருக்கும். தொடைக்கறவ பொட்டு வெச்ச தோட்டாவ எதுக்குங்க உள்ள போடறா?"

"ஆமா, துப்பாக்கியக் கைப்பத்தறப்பவே பாத்தேன். என்னடா இதுன்னு இருந்துச்சு," என்றவர் செங்கோடன் பக்கம் திரும்பினார். செங்கோடன் பக்கத்தில் நின்ற வள்ளியாத்தாளை முறைத்தார். பொட்டு வைத்த குற்றம் இப்போது அவள் தலையில்!

அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு கிருபாசங்கர் கண்ணைத் திறந்தான். "எங்கப்பன மாட்டி வுட்டுட்டயே. இனி என்ன மொகத்தோட நம்மூட்டுக்கு வருவே?"

மோகனப்பிரியா அவன் காலின் கட்டைப் பார்த்தாள்.

"குண்டு பட்டது உங்களுக்குங்க," என்றாள். "ஆனா வலி உங்கப்பனுக்குத்தான் போல."

பையை எடுத்துக்கொண்டு, தாய்வீட்டுக்குப் போகக் காந்திபுரத்தில் பஸ் ஏறினாள்.