அடிபம்பில் இருக்கிற கை

கிளியம்மாள் செத்து மூன்று மாதமாகியும் அடிபம்பை விட்டுப் போகவில்லை என்று வடக்குப்பட்டில் பேசிக்கொண்டார்கள். கொல்லையில் அந்தப் பம்பின் பக்கத்திலேயே விழுந்து செத்தவள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அவள் விரல்களைப் பம்புக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அன்று காலை பக்கத்து வீட்டு ஞானம்மா தண்ணீருக்கு வந்தாள். இரண்டு அடி அடித்தவள் குடத்தைப் போட்டுவிட்டு, பாஞ்சாலி நின்றிருந்த சமையற்கட்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"புடிச்சாடி பாஞ்சாலி, உம் மாமியா என் கைய புடிச்சா! ஜெபம் பண்ணிட்டுத்தான் தொட்டேன், அப்பவும் வுடல."

"உங்களையாச்சும் புடிக்கிறாங்களே அக்கா. என்னைப் பம்புகிட்டயே போகவுடறதில்ல இவரு. எல்லாத் தண்ணியும் அவரேதான் அடிக்கணுமாம்."

"ராணி மாதிரி வெச்சிகினு கீறான்."

"ராணி ஒரு கொடத்துக்கு ஒரு மணி நேரம் காத்துகினு கெடக்கறா."

இருவரும் சிரித்தார்கள். உள்ளே கூடத்தில் இருந்த இசைவாணி சிரிக்கவில்லை. அவள் பாஞ்சாலியின் கணவன் டில்லிபாபுவின் தங்கை. காஞ்சிபுரத்தில் பி.எஸ்.சி. இயற்பியல் முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். வாசலுக்கு வந்து ஒன்று மட்டும் கேட்டாள்.

"எப்டி புடிச்சாங்க அக்கா?"

"வுட்டு வுட்டுப் புடிச்சாம்மா. புடிக்கறா, வுடறா, புடிக்கறா."

கொல்லை ஷெட்டில் டில்லிபாபு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைப்பாக்கம் பக்கம் புதிதாக வரும் கம்பெனிக்குப் பெரிய இரும்புக் கேட். வெல்டிங் ராடு சீறும்போதெல்லாம் கூடத்து பல்பு மங்கி, நின்றதும் பிரகாசமானது. மங்குகிறது, ஏறுகிறது, மங்குகிறது.

இசைவாணி ரேடியோ மேலிருந்த, கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். டெஸ்டர் முனையைப் பம்பின் கழுத்தில் வைத்து, டெஸ்டரின் கொண்டையில் விரலை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஷெட்டில் ராடு சீறியது. டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. சீறல் நின்றதும் அணைந்தது. மறுபடி எரிந்தது.

குனிந்து பார்த்தாள். பம்புக் குழாயின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, ஒரு கிளாம்பு. அதிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று மண்ணுக்குள் இறங்கி ஷெட் பக்கமாகப் போனது. மாசி மாதம், வெல்டிங் மிஷினுடைய இழுப்பு தாங்காமல் வீட்டு நியூட்ரல் ஒயர் கருகிப்போனது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எப்படி மிஷின் ஓடுகிறது என்று அவள் கேட்டதில்லை. போகிற கரண்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்த வழியாக இந்தக் குழாயை அண்ணன் கட்டியிருக்கிறான். நிலத்தடித் தண்ணீர் மேலே இருந்தவரை பூமி அதை வாங்கிக்கொண்டது. சித்திரையில் தண்ணீர் இறங்கியது. மண் காய்ந்தது. வாங்க முடியாததெல்லாம் பம்பிலேயே நின்றது.

அம்மா செத்த அன்று மத்தியானம் அவள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மேசை விசிறி மெதுவாகியது. வெகு நேரம் மெதுவாகவே சுற்றியது. அண்ணன் நீளமாக ஒரு ராடு போடுகிறான் என்று நினைத்து, பக்கத்தைத் திருப்பினாள். பிறகு விசிறி வேகம் பிடித்தது. அதற்கும் பிறகுதான் கொல்லையில் பாஞ்சாலி கத்தினாள். அந்த விசிறி மெதுவாகச் சுற்றிய நேரம் முழுவதும் அம்மாவின் கை பம்பில் இருந்திருக்கிறது.

ஷெட் வாசலில் போய் நின்றாள். டில்லிபாபு முகத்திலிருந்து கறுப்புக் கண்ணாடித் தகட்டை இறக்கினான். அவள் கையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தான்.

"ஞானம்மா அக்காவுக்கு ஷாக் அடிச்சிது அண்ணா."

அவன் ராடைக் கீழே வைத்தான்.

"பம்புல ஒயர் கட்டியிருக்கே."

"ஒயர்மேன் சொன்னான். நூறடி இரும்பு மண்ணுல நிக்குது, இதவிட நல்ல எர்த்து ஏதுன்னான்."

"அம்மா..."

"தெரியும்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்றுதான் கொல்லையைக் கடந்து வந்திருந்தாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மக்யா நாளு, மிஷினப் போட்டு ராட இரும்புலயே ஒட்டவுட்டுட்டு நானே போயித் தொட்டுப் பார்த்தேன்" என்றான் டில்லிபாபு. "தூக்கிப் போட்டுது."

"அப்பவே கழட்டியிருக்கலாமே!"

"கழட்டினா நாந்தான்னு ஆயிடும் வாணி." அவன் அவளைப் பார்க்காமல் கேட்டின் கம்பியைத் தடவினான். "அது அப்டியே கெடக்கறவரைக்கும் டாக்டர் சொன்னதுதான். மிஷின நிறுத்திட்டு நான்தான் தண்ணி அடிக்கறேன். பாஞ்சாலிய கிட்ட வுடறதில்ல. உன்னையும் வுடல."

"ஞானம்மா அக்கா சொல்லிட்டா வருவாங்க? ஒரு நாள் நீ ஷெட்டுல இருக்கறப்ப அண்ணி அவசரத்துக்குப் போனா?"

அவன் ஷெட் வாசல் வழியாகப் பார்த்தான். வெளியே பம்பின் பக்கத்தில் ஞானம்மாவின் குடம் கவிழ்ந்து கிடந்தது.

"நீயே கழட்டிடு" என்றான். "என்னால அத தொட முடியல."

"இல்ல. நீயும் வரணும்."

அவளுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது. டில்லிபாபு எழுந்து மெயின் போர்டைத் திறந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கினான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். பம்பின் அருகே மண்டியிட்டு நட்டில் வைத்தான். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. இசைவாணி அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். கிளாம்பு விட்டதும் ஒயரை இழுத்தார்கள். மண்ணைக் கிழித்துக்கொண்டு ஷெட் சுவர் வரைக்கும் அது வந்தது.

"கம்பெனி கேட்டு பாதியில கெடக்குது" என்றான்.

"மூணு ஃபேஸ் லைனுக்கு ஈ.பி.ல எழுதிக் கொடுப்போம். அது வர்றவரைக்கும் மிஷின் வேணாம்."

சத்தம் நின்றுபோனதால் பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். ஒயரையும் அண்ணன் தங்கையையும் பார்த்தாள். ஞானம்மாவின் குடத்தை நிமிர்த்தி வைத்து, யாரையும் கேட்காமல் பம்பைப் பிடித்து அடித்தாள். டில்லிபாபுவின் உடம்பு விறைத்தது. தண்ணீர் வந்தது. பாஞ்சாலி கையை எடுக்காமல் சற்று நேரம் நின்றாள்.

"ஒண்ணும் இல்லியே" என்றாள். "அத்தை போயிட்டாங்களா?"

அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மாமியார் இன்னும் இங்கே இருக்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கிறது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், அதோடு முடிந்துவிடும் என்று இசைவாணிக்குத் தோன்றியது. அண்ணனைப் பார்த்தாள்.

அவன் ஒயரைக் கீழே போட்டான்.

"பாஞ்சாலி, இப்டி வந்து ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்."

அவள் உட்காரவில்லை. "இன்னாய்யா?" என்றாள்.