மேதை எழுதிய அக்காக்கள்

அவனுக்கு மேதை என்று பெயர் வைத்தவர் அப்பா. ஒரே மகன் என்கிற ஆசையில் வைத்தது. அக்காக்கள் இருவரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தொனி மட்டும் வேறு.

அக்காக்கள் சேர்ந்து நாவல் எழுதுகிறவர்கள். பெரியவள் அறைக்குள் நடந்தபடியே கதையைச் சொல்வாள். சின்னவள் எழுதுவாள், எழுதியதில் பாதியை அடித்தும் விடுவாள். அடித்ததற்காகச் சண்டை நடக்கும். அந்தச் சண்டையிலிருந்து வந்த புத்தகங்கள் ரயில் நிலையக் கடைவரை விற்றன. மேதையோ மதியம் எழுந்து, தலையை வாரி, நாடக மன்றத்துக்குப் போய், அடுத்தவர் நாடகத்தில் என்ன கோளாறு என்று விளக்கிவிட்டுத் திரும்புவான். தலை நரைத்த பிறகு ஒருவழியாகத் தானே ஒரு நாடகம் எழுதினான், அதுவும் அக்காக்களின் வாழ்க்கையைப் பற்றி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

"முன்வரிசையில இடம் போட்டிருக்கேன். ரெண்டு பேரும் வந்தே ஆகணும்" என்றான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றாள் சின்னவள்.

"கலைக்கு எதுக்குக்கா அனுமதி?"

போனார்கள். திரை பாதியில் சிக்கி, யாரோ உள்ளிருந்து இழுத்ததும் விலகியது. மேடையில் ஒரு ஜன்னல். அதன் இரு பக்கமும் வெள்ளை உடையில் இரண்டு பெண்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவளாக நடித்தவள் ஊதினால் பறந்துவிடுவாள்போல இருந்தாள். அடிக்கடி வேறு இருமினாள். நிஜப் பெரியவளுக்கு நாற்காலியின் கைப்பிடி இரண்டு பக்கமும் இடித்தது.

"எனக்கு எப்படி காசநோய் வந்துச்சு?" என்று தங்கையின் காதில் கேட்டாள்.

"மேதை கொடுத்திருப்பான்."

மேடைச் சகோதரிகள் ஜன்னலைப் பார்த்தார்கள், அழுதார்கள், யாரையோ நினைத்து ஏங்கினார்கள். எழுத மட்டும் உட்காரவில்லை. அதற்கெல்லாம் தம்பி இருந்தான். உயரமான, சுருள்முடி வைத்த தம்பி. கதை சொன்னவன் அவன், பேனாவைக் கையில் கொடுத்தவன் அவன். சின்னவள் பல்லைக் கடித்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் மரியாதைக்குரிய நாடகம் பார்க்கிறவர்களின் முகத்தோடு கொட்டாவியை விழுங்கினார்கள்.

கடைசிக் காட்சியில் தம்பி தன் சொந்த நாவலைக் கையில் ஏந்தி வந்தான். அக்காக்களின் பெருமைக்குத் தன் நாவல் குறுக்கே நிற்கக் கூடாதாம். அதைத் தீயில் போட்டுவிட்டு, கைகளை விரித்து, "என் நாவல் எரிந்தது! இனி உங்கள் புகழும் சுடர்விட்டு எரியட்டும்!" என்று முழங்கினான்.

மேதையின் நாவல் எது என்று பெரியவளுக்குத் தெரியும். தலைப்பும் சமர்ப்பணமும் எழுதியதோடு நின்றுபோனது அது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் பக்கத்துத் தெருவில் நாய் குரைக்கும். அரங்கம் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் அணை உடைந்ததுபோல எல்லோரும் சிரித்தார்கள். நடிகன் விவரமானவன். நெருப்பைக் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் எரியுது" என்று தானாக ஒரு வரி சேர்த்தான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

திரையோரத்தில் மேதை நின்றது பெரியவளின் கண்ணில் பட்டது. அடிபட்ட குழந்தையின் முகம். அவளுடைய சிரிப்பு சட்டென்று நின்றது. எழுந்து அவனிடம் போனாள். தோளைத் தொட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனாள். அதற்குள் ஒரு பத்திரிகைக்காரர் முந்திக்கொண்டார்.

"ஐயா, பிரமாதமான நையாண்டி! எப்படித் தோணுச்சு?"

மேதை நிமிர்ந்தான். முகத்தில் ரத்தம் திரும்பியது. "வருஷக்கணக்கா யோசிச்சது. சிரிக்க வைக்கிறதுதாங்க கஷ்டம்."

பெரியவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள்.

நாடகம் மாதக்கணக்கில் ஓடியது. ஒருநாள் மேதை வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, நீ தினமும் வந்து அந்த இடத்துல சிரிச்சா நல்லாருக்கும். ஜனங்களுக்கு எங்க சிரிக்கணும்னு தெரிய மாட்டேங்குது."

"நீ எழுதின எடத்துலெல்லாம் சிரிக்கச் சொல்லு" என்று சின்னவள் கதவைத் திறந்து பிடித்தாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாவலில் அக்காக்கள் அவனை அப்படியே வைத்தார்கள். ஒரு சொல் கூட்டவில்லை. பதிப்பாளர் படித்துவிட்டுத் தயங்கினார்.

"எல்லாம் சரிங்கம்மா. இந்தத் தம்பி பாத்திரம்தான் கொஞ்சம் மிகை. இப்படியெல்லாம் ஒருத்தன் இருப்பானா?"

பெரியவள் கோபத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்தாள். சின்னவள் பேனாவை எடுத்தாள்.

"பாதி மேதை போதும்க்கா. முழுசா வச்சா யாரும் நம்ப மாட்டாங்க."

எந்தப் பாதியை அடிப்பது என்று சண்டை ஆரம்பித்தது.