கியர் லீவருக்கு அடியில்

அவருடைய காரில் இரண்டாவது கியர் விழும் சத்தத்துக்கு, மூன்று தெரு தள்ளியிருக்கும் பல் மருத்துவர் யாருக்கோ பல் உடைந்துவிட்டதென்று வாசலுக்கே ஓடி வந்துவிடுவார். "உன் கை உலக்கை. நீ ஓட்டித்தான் லீவர் புஷ்ஷெல்லாம் தேஞ்சுபோச்சு" என்று மனைவியிடமிருந்து சாவியைப் பிடுங்கி நாலு வருஷம் ஆயிற்று.

கடைசியில் லீவரின் அடியைத் தாங்கும் வளையங்களான புஷ்களைப் புதிதாய்ப் போட்டு, லேசாய் விழுகிற குட்டை லீவரும் மாட்டிவிடுவது என்று முடிவாயிற்று. தேய்மானத்தை அவளே கண்ணால் பார்க்கட்டும் என்று அவளையும் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

மெக்கானிக், லீவரைச் சுற்றியிருந்த கிழிந்த உறையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். வேர்க்கடலைத் தோல் வந்தது. மறுபடி விட்டார், மறுபடியும் தோல். மூன்றாவது தடவை சாக்குப்பை கேட்டார்.

"புஷ்ஷெல்லாம் தேயவே இல்ல, கல்லு மாதிரி இருக்கு அண்ணே. தோல் அடைச்சு, லீவர் நகர இடமில்லாமதான் கியர் அப்படிக் கத்துது. ஓட்டிக்கிட்டே கடலை உரிக்கிறது யாரு, அண்ணியா?"

கடலை ஒன்று வாயில் போனாலே அவள் முகம் வீங்கிவிடும். அது அவருக்குக் கல்யாணத்தன்றே தெரியும்.

"கேக்கறாருல்ல, சொல்லுங்க" என்றாள் அவள்.

"நான்தாம்ப்பா." காது இரண்டும் அடுப்பாய்க் காய்ந்தன.

"அப்ப குட்டை லீவர் வேணாமா?"

"மாட்டுப்பா. அண்ணி கைக்குத் தோதா மாட்டு."

வேலை முடிந்ததும் சாவியை அவளிடம் நீட்டினார். அவள் பக்கத்தில் உட்கார முகமில்லாமல், பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.