ஆக்ஸ்ப்ரிங் வீட்டுத் தலைமை நாற்காலி

ஷெஃபீல்டில் ஆக்ஸ்ப்ரிங் குடும்பம் மூன்று தலைமுறையாக எஃகு உருக்கியது. மோட்டார் வண்டிகள் வந்த பிறகு அவற்றுக்கான காந்தமும் செய்தது. தலைமை நாற்காலிக்கு அந்த வீட்டில் ஒரே பரீட்சைதான். எஃகுக் கட்டியின் மேல்முனையை உடைத்து, உடைந்த முகத்தை வெறும் கண்ணால் பார்த்து, எஃகில் கலந்திருக்கும் கரி நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். காந்தத்துக்கு முக்கால் பங்கு வேண்டும்; குறைந்தால் காந்தம் சக்தியைப் பிடித்து வைக்காது, கூடினால் விரிசல் விடும். ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களை முதலாளி ஒபடையா மனிதர்களாகவே மதித்ததில்லை.

மகள் ஹில்டாவுக்கு நாற்பது வயது. இருபது வருடம் காந்தப் பட்டறையே கதியென்று கிடந்தவள். வந்த வரன்களையெல்லாம் அதற்காகவே தட்டிக்கழித்தாள். நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள், பாவம். தம்பி கிளமென்டுக்குக் குதிரைப் பந்தயத்தைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது.

பரீட்சையன்று தொழிலாளர்கள் சூழ்ந்து நிற்க, உருக்குபவர் ஜேபெஸ் கட்டியை உடைத்து நீட்டினார்.

"நூத்துக்கு முக்கால்," என்றாள் ஹில்டா.

"தப்பு. ஒண்ணேகால்," என்றார் ஒபடையா.

"நானும் அதத்தான் நெனச்சேம்ப்பா," என்றான் கிளமென்ட்.

முக்கால் என்பது ஜேபெஸுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பயந்தாங்கொள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹில்டாவுக்குப் பொறி தட்டியது. அதே துண்டைத் திரும்பவும் அப்பாவின் கையில் வைத்தாள்.

"இது அடுத்த கட்டிப்பா. பாத்துச் சொல்லுங்க."

கிழவர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரை."

"ரெண்டும் ஒரே துண்டுதான். கண்ணு அவிஞ்சு போச்சு உங்களுக்கு. எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க!"

தொழிலாளர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க ஹில்டாவுக்கு இனித்தது.

"சரி, கண்ணு போச்சு," என்றார் ஒபடையா. "நாற்காலி கிளமென்டுக்கு. அவன் பின்னாடி நின்னு நீ பாத்துச் சொல்லு. இந்த வயசுல வேற எங்க போவ? எவன் உன்னக் கட்டிக்குவான்?"

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடுக்கா," என்றான் கிளமென்ட். "எனக்குப் பந்தயத்துக்கு நேரமாயிடும்."

மறுநாள் வருடத்தின் மிகப் பெரிய ஆர்டருக்கான உருக்கு. உடைந்த முகத்தைப் பார்த்ததுமே ஹில்டாவுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டிய கரியில் பாதிகூட ஏறவில்லை.

"முக்கால். காந்தத்துக்கு அனுப்புங்க," என்றாள்.

இந்தத் தடவை ஜேபெஸுக்கு வாய் வந்தது. "அம்மா, இது வந்து..."

"முதலாளியக் கேளுங்க," என்று தம்பியைக் காட்டினாள் ஹில்டா.

"அக்கா சொன்னாச் சொன்னதுதான். அனுப்பய்யா," என்றான் கிளமென்ட், தொப்பியை எடுத்துக்கொண்டே.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒபடையா துண்டை வாங்கி விரலால் தடவினார்.

"நெஜமாவே முக்கால்தானா ஹில்டா?"

"ஆமாப்பா."

கிழவரின் முகம் மலர்ந்தது. "எனக்கு இருந்த அதே கண்ணுடி உனக்கு," என்றார். இருபது வருடத்தில் அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஹில்டா சுண்ணக்கட்டியால் குறி போட்டு, கட்டிகளைப் பட்டறைக்கு அனுப்பினாள்.