தெப்பக்குளத்தில் நாலாம் நம்பர்

ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் அந்த முதல் மாடிப் பால்கனி நாறியதற்குச் சாக்கடையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அது முழுக்க முழுக்கச் சேஷனின் கைங்கரியம். ஐந்து கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர், அதில் பார்க்கிலிருந்து பிடுங்கிவந்து ஊறப்போட்ட புல். புல் அழுகினால் அந்த வாசனை கொசுவுக்குப் பிடிக்குமாம். தாய்க்கொசு தேடி வந்து, பிரசவத்துக்கு நல்ல இடம் கிடைத்தது என்று நம்பி, தொட்டியின் உள்சுவரில் முட்டையிட்டுவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்த கையோடு சேஷன் தண்ணீரை மொட்டை மாடியில் கொட்டி, தொட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் தேய்த்து, அந்தக் குலத்தையே நாசம் பண்ணுவார். காலமெல்லாம் ஆபீஸில் ஃபைலை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தள்ளியே பழகியவருக்கு, ஒரு காரியம் முடிந்தே போகிற சுகம் இதில்தான் கிடைத்தது. தொட்டிகளுக்கு வெள்ளைப் பெயிண்டில் நம்பர் வேறு போட்டிருந்தார்.

அவர் மனைவி ஜலஜாவுக்கும் கொசு என்றால் கொலைவெறிதான். போன வருஷம் பையன் அர்விந்தை டெங்கு கட்டிலோடு போட்டுவிட்டது. மேல் மாடி கௌஷிக்தான் கேள்வி கேட்காமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு, பையனை அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பிளேட்லெட் இறங்க இறங்க ஜலஜாவுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. பையன் பிழைத்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். இரண்டாவது முறை வந்தால் இதைவிட மோசமாகப் போகலாம், ஜாக்கிரதை. அன்றிலிருந்து அர்விந்த் தும்மினால்கூட இவள் கை அவன் நெற்றியில் இருக்கும். ஆகவே பொறி வைப்பதில் ஆட்சேபணை இல்லை, நாற்றத்தில்தான் ஆட்சேபணை.

"நவராத்திரி வரது. உங்க நாத்தத் தொட்டி ஒண்ணுகூட என் கொலுப் பக்கம் எட்டிப் பாக்கப்படாது, சொல்லிட்டேன்!" என்று அவள் தடை உத்தரவே போட்டிருந்தாள்.

அவள் கொலு லேசுப்பட்டதல்ல. அந்த வட்டாரத்திலேயே நிஜத் தண்ணீர் நிற்கும் தெப்பக்குளம் அவள் கொலுவில் மட்டும்தான். எதிர் பிளாக் சுபாஷிணி முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து அதற்குக் குளம் என்று பெயர் வைப்பாள். "பொட்டு வெச்சுக்கற கண்ணாடியில பெருமாளுக்குத் தெப்பமாம்!" என்று ஜலஜா அதைப் பற்றிப் பேசாத வருஷம் கிடையாது. அந்தக் கர்வத்துக்குத்தான் வந்தது வினை. கொலு வைக்கிற அன்று பழைய குளத்துத் தட்டைப் பரணிலிருந்து இறக்கினால், நடுவில் விரிசல்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சேஷன் தொட்டிகளைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார். வெந்நீர் போடப் போனவரை ஆபீஸ் போன் பிடித்துக்கொண்டது. ஜலஜா பார்த்தாள். அகலம் சரி, ஆழம் சரி. ஓரத்தில் மண்ணைப் பூசிக் கடுகு தூவிவிட்டால் பிரம்மாவுக்கே தெரியாது. நாலாம் நம்பரை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலம்பி, நம்பர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி, தண்ணீர் நிரப்பித் தாமரை மிதக்கவிட்டாள். விஜயதசமி முடிந்ததும் சத்தமில்லாமல் பால்கனியில் வைத்துவிடலாம் என்று கணக்கு. முட்டை தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும் என்று சேஷன் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். அவர் சொல்லும்போதெல்லாம் இவள் மிக்ஸியை ஓடவிட்டிருந்தாள்.

திரும்பி வந்த சேஷனுக்குத் தொட்டி நாலுதான் இருந்தது. கௌஷிக்கின் மனைவி முந்தின நாள்தான் செவ்வந்திக் கன்றுகள் வாங்கிவந்திருந்தாள். கன்றுக்குத் தொட்டி வேண்டாமா? அவ்வளவுதான், சேஷனின் விசாரணைக் கமிஷன் தீர்ப்பெழுதிவிட்டது. மாடிப்படியில் கௌஷிக்கை மறித்து, "மேரா டப் கஹா(ன்) ஹை?" என்று தொட்டி எங்கே என்று கேட்டார். கேட்ட மாதிரி இல்லை, கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

கௌஷிக் அவரை விலக்கிப் படியேறித் தன் வாசலில் நின்று திரும்பினார். "சேஷன்ஜி, போன வருஷம் உங்க பையனைத் தூக்கிட்டு ஓடினேனே, அன்னிக்கு எதைத் திருடினேன்?" என்று இந்தியில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுப்படியில் ஜலஜாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சேஷன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். கொண்டைக்கடலையைக் கிளறுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்துச் சுண்டலில் உப்புப் போட்டுவிட்டாள்.

துர்காஷ்டமி சாயங்காலம் கூடம் நிறையப் பட்டுப்புடவை. குத்துவிளக்கு அணைந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். கொலுப்படிக்குப் பக்கத்தில் அரை டிராயரோடு அர்விந்த் கால் நீட்டி உட்கார்ந்து மொபைலை நோண்டிக்கொண்டிருந்தான். சுபாஷிணி குனிந்து குளத்தைப் பார்த்தாள்.

"ஜலஜா மாமி! மீன் குஞ்சு விட்டிருக்கேளா? என்னமாத் துள்றது!"

"அச்சா! நிஜ மீனா?" என்று நாலைந்து தலைகள் குனிந்தன. ஜலஜாவும் குனிந்தாள். தாமரைக்கடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு கூட்டம் நெளிந்தது. பாதி ஏற்கெனவே கூட்டுப்புழுவாகிக் காற்புள்ளி போலச் சுருண்டிருந்தது. காற்புள்ளியானால் நாளைக்குச் சிறகு. அந்தப் படத்தைச் சேஷன் போனில் காட்டிக் காட்டி அவளுக்கு மனப்பாடம்.

ஆமாம், மீன்தான் என்ற பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எல்லோரும் போனபிறகு கமுக்கமாகக் கொட்டிவிடலாம். மானம் பிழைக்கும். அப்போது அர்விந்தின் ஆடுசதையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம்.

பளாரென்று விழுந்த அடியில் அர்விந்த், "அம்மா! நான் என்ன பண்ணினேன்?" என்று அலறினான். ஜலஜா உள்ளங்கையை விரித்தாள். ரத்தம் இல்லை, வெறும் கறுப்புத்தான். இது குடிக்கும் முன்னால் செத்தது. குடித்துவிட்டுப் போனது எத்தனையோ? தாமரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தொட்டியைத் தூக்கினாள்.

"மாமி, விஜயதசமி வரைக்கும் கொலுவுல எதையும் நகர்த்தப்படாதே!" என்று சுபாஷிணி பதறினாள்.

"ஒரு மகிஷனைக் கொல்ல அம்பாள் ஒம்பது நாள் எடுத்துண்டா. எனக்கு அவ்வளவு டைம் இல்லைடி. நகரு."

மண்ணும் கடுகும் உதிர்ந்து வெள்ளை நம்பர் பல்லிளித்தது. வாய் நிறையச் சுண்டலோடு சேஷன், "நாலாம் நம்பர்!" என்றார்.

"ஆமாம், நான்தான் எடுத்தேன். நீங்க வெந்நீர் வெச்சுண்டு மாடிக்கு வாங்கோ. திட்டறதை அங்கே வந்து திட்டலாம்."

மொட்டை மாடிக்குப் போகிற வழியில் கௌஷிக்கின் கதவு. ஜலஜா தொட்டியை இடுப்பில் இடுக்கியபடி மணியை அடித்தாள். தண்ணீர் தளும்பிப் பட்டுப்புடவை தொப்பலாக நனைந்திருந்தது. கதவு திறந்தது. வருகிற வழியெல்லாம் கூட்டி வைத்த இந்தியில் இரண்டு வாக்கியம்தான் மிஞ்சியது.

"பாய்சாப், டப் யே ரஹா. சோர் மே(ன்) ஹூ(ன்)."

தொட்டி இதோ, திருடி நான்தான் என்று சொல்லி அதை முன்னால் நீட்டினாள். கௌஷிக் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நெளிந்தவற்றைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கை தானாகப் போய்ச் சுவர் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தது.

"அர்விந்துக்குக் காய்ச்சலா?"

"இல்லை பாய்சாப், இல்லை. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுமில்லை" என்று ஜலஜா அங்கேயே அழுதுவிட்டாள்.

கௌஷிக் சாவியைத் திரும்ப மாட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக அதை மேலே கொண்டுபோய்ச் சூடு ஆறாத சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார்கள். பின்னாலேயே அண்டாவில் வெந்நீரோடு மூச்சிரைக்க வந்து நின்றார் சேஷன்.

"கௌஷிக்ஜி, மாஃப்..." என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"பெஹ்லே பானி" என்றார் கௌஷிக், தொட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.

முதலில் தண்ணீர். சேஷன் அண்டாவைத் தூக்கி ஊற்றினார்.